காவடித் தண்டும் பிரிவுச் சூத்திரமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

ஒரு கோட்டுத்துண்டைக் கொடுத்த விகிதத்தில் பிரிக்கும் புள்ளியைக் கண்டுபிடிக்கும் பிரிவுச் சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற பிள்ளைகள், கணக்கு என்று வந்தால் கோட்டை விடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். சூத்திரத்தை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுவதுதான் காரணம் என்பேன். இரண்டு பீரியட் பொறுத்து எழுது.

அ(−4, 7), ஆ(11, −3) என்று இரண்டு புள்ளிகள். அவற்றை இணைக்கும் கோட்டுத்துண்டை 2:3 விகிதத்தில் உட்புறமாகப் பிரிக்கும் புள்ளி ப எது? அ-விலிருந்து ஆ-வுக்குப் போனால் எக்ஸ் 15 கூடுகிறது, ஒய் 10 குறைகிறது. மொத்தம் 5 பங்கு. ஒரு பங்குக்கு எக்ஸ் 3 கூடும், ஒய் 2 குறையும். 2 பங்கு நடந்தால் எக்ஸ் −4 + 6 = 2, ஒய் 7 − 4 = 3. ஆக ப(2, 3). இதில் மனப்பாடம் செய்ய எதுவுமே இல்லை.

உடனே வரைபடத்தாளில் போடச் சொல். இரண்டு அச்சிலும் 1 செ.மீ. = 1 அலகு. ஸ்கேலை வைத்தால் அ-விலிருந்து ப வரை 7.2 செ.மீ., ப-விலிருந்து ஆ வரை 10.8 செ.மீ. இரண்டையும் 3.6-ஆல் வகுத்தால் 2, 3 என்று நிற்கும். யாராவது எக்ஸ் அச்சுக்கு ஓர் அளவுத்திட்டமும் ஒய் அச்சுக்கு வேறொன்றும் வைத்துவிட்டால் திட்டாதே. நீளங்கள் மாறும், ஆனால் ஒரே கோட்டின் மேல் அளப்பதால் விகிதம் அப்படியே இருக்கும். அதையும் அளந்து பார்க்கச் சொல்; அந்த வியப்பை அவர்கள் இழக்கக் கூடாது.

இனி, சூத்திரத்தில் எண்கள் ஏன் குறுக்காகப் பெருக்கப்படுகின்றன என்ற கேள்வி. விகிதம் 2:3, அ-வுக்குப் பக்கத்தில் இருப்பது 2. ஆனால் அ-வின் மதிப்பை 3-ஆல் பெருக்குகிறோம். இங்கேதான் பாதி வகுப்பு தடுமாறும். காவடி தூக்குவதைச் சொல்லிப் புரியவை. தண்டின் ஒரு முனையில் 3 கிலோ, மறுமுனையில் 2 கிலோ. தோள் எங்கே இருக்க வேண்டும்? கனமான பக்கம் கிட்டே. 3 கிலோவிலிருந்து 2 பங்கு தள்ளி, 2 கிலோவிலிருந்து 3 பங்கு தள்ளி நின்றால் 3 × 2 = 2 × 3, தண்டு சமமாக நிற்கும். தோள் இருக்கும் இடம்தான் ப. அ-வில் 3 கிலோ, ஆ-வில் 2 கிலோ தொங்குகிறது. எடையிட்ட சராசரி எடுத்தால் எக்ஸ்: (3 × (−4) + 2 × 11) ÷ 5 = 2. ஒய்: (3 × 7 + 2 × (−3)) ÷ 5 = 3. இதுதான் பிரிவுச் சூத்திரம். இப்போது கரும்பலகையில் எழுது. புள்ளிகளில் எடையை வைத்து வடிவியல் செய்யும் இந்த முறையை ஜெர்மன் கணிதர் மோபியஸ் 1827-இல் முழு நூலாகவே எழுதினார்.

எண்களை இடம் மாற்றிப் பெருக்கினால் (5, 1) வரும். இந்தத் தவறு பொல்லாதது. அந்தப் புள்ளியும் அதே கோட்டின் மேல்தான் இருக்கிறது. சாய்வைப் பார்த்துச் சரிபார்த்தால் மாட்டாது. அது 3:2-க்கான விடை. பிடிக்க ஒரே வழி, 2 சிறியது, அதனால் ப அ-வுக்குக் கிட்டே இருக்க வேண்டும் என்று பார்ப்பதுதான். எக்ஸ் வித்தியாசங்களை எடுத்தால் 6, 9. வர்க்கமூலத்துக்குப் போகவே வேண்டாம்.

அடுத்த கண்ணி, ‘அப = அஆ-வில் 2/5’ என்று கேள்வி வருவது. பிள்ளைகள் விகிதத்தை 2:5 என்று எடுப்பார்கள். மீதி 3 பங்கு இருக்கிறதே, 2:3 அல்லவா? மூன்று சம பாகமாகப் பிரிக்கும் கணக்கிலும் இதே கதை: முதல் புள்ளியை 1:2-இல் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அடுத்ததற்கு மீதித் துண்டில் 2:1 போட்டுவிடுவார்கள். 2:1 என்பது முழுத் துண்டுக்கு. மீதித் துண்டில் வேண்டியது வெறும் நடுப்புள்ளி.

விகிதத்தைக் கேட்கும் கணக்குக்கு கே:1 என்று வைத்துச் சமன்பாடு போடுவது நம் வழக்கம். அச்சு பிரிக்கிறது என்றால் அதுவும் தேவையில்லை. அதே அ, ஆ-வை எடுத்துக்கொள். எக்ஸ் அச்சுக்கு மேலே 7, கீழே 3. விகிதம் 7:3, பார்த்த மாத்திரத்தில் விடை. ஒய் அச்சுக்கு இடப்பக்கம் 4, வலப்பக்கம் 11, விகிதம் 4:11. இரண்டு புள்ளியும் அச்சின் ஒரே பக்கத்தில் இருந்தால் அச்சு துண்டை வெட்டவே இல்லை. கே எதிர்மமாக வருவது அதைத்தான் சொல்கிறது. குறியை அழித்துவிட்டு மேலே போகிற பழக்கத்தை முதலிலேயே நிறுத்து.

வெளிப்புறப் பிரிப்புக்கும் அதே நடைதான். 6:1 என்றால் துண்டு 6 − 1 = 5 பங்கு; அ-விலிருந்து 6 பங்கு நடந்து ஆ-வைத் தாண்டி (14, −5)-இல் நிற்போம். 1:6 என்றால் அ-வுக்குப் பின்பக்கம் ஒரு பங்கு: (−7, 9). 1:1 என்றால் வகுக்கும் எண் 1 − 1 = 0 ஆகிவிடும், அப்படியொரு புள்ளி கிடையாது. அ-விலிருந்தும் ஆ-விலிருந்தும் சம தூரத்தில், ஆனால் துண்டுக்கு வெளியே, அதே கோட்டில் ஒரு புள்ளியைத் தேடிப் பார்க்கச் சொல். தாங்களே கையை விரிப்பார்கள்.

முக்கோணத்தின் நடுக்கோடுகள் சந்திக்கும் நடுக்கோட்டு மையத்துக்கும் காவடியே போதும். மூன்று உச்சியிலும் ஒவ்வொரு கிலோ. அடிப்பக்கத்தின் இரண்டு எடையும் அதன் நடுப்புள்ளியில் சேர்ந்து 2 கிலோ ஆகிவிடும். மேலே 1, கீழே 2; அதனால் உச்சியிலிருந்து 2:1.

“இது எதுக்கு சார்?” என்று கேட்பார்கள் என்றாயே, கைப்பேசியில் ‘ழ’-வின் வளைவைக் காட்டு. ட்ரூடைப் என்ற எழுத்துரு வகையில் ஒவ்வொரு வளைவுக்கும் சேமித்திருப்பவை சில புள்ளிகள்தான். (0, 0), (4, 8), (8, 0) என்ற மூன்றை எடு. முதல் துண்டை 1:3-இல் பிரித்தால் (1, 2). அடுத்ததையும் அப்படியே பிரித்தால் (5, 6). அந்த இரண்டையும் இணைத்து மறுபடி 1:3-இல் பிரி: (2, 3). அது வளைவின் மேல் உள்ள புள்ளி. 1:1, 3:1 என்று மாற்றினால் (4, 4), (6, 3) கிடைக்கும். சிட்ரோயன் கார் கம்பெனியில் டி காஸ்டெல்ஜோ 1959-இல் கண்ட முறை இது. பத்து விகிதத்துக்குப் புள்ளி வைத்துக் கையால் இணைக்கச் சொல், வழவழவென்று வளைவு எழும்பும்.

அந்தத் தாள்களில் இரண்டு மூன்றைப் படம் எடுத்து அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்