திருமேனியோடு ஊர்ப்பெயரும் போற்றப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரிப் படுகையில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ குளத்தைத் தூர்வாரும்போதோ செப்புத் திருமேனி வெளிப்பட்டால், ஊரார் கூடி மாலையிட்டுக் கற்பூரம் காட்டி, வட்டாட்சியர் வந்ததும் ஒப்படைத்துவிடுகிறோம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஊர் தன் கடமையைச் செய்துவிடுகிறது. அதைப் பெற்றுக்கொள்ளும் அருங்காட்சியகம் அந்த ஊருக்குச் செய்ய வேண்டியது என்ன என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்த் திடலில் கிடைத்த பெருமாள் திருமேனியை, அண்மையில் ஓர் அருங்காட்சியகத்தில் பேரனோடு சென்றபோது கண்டேன். மண்வெட்டி பட்டு உடைந்த சக்கரத்தின் விளிம்பை வைத்து அடையாளம் தெரிந்தது. கீழே இருந்த அட்டையில் 'விஷ்ணு, வெண்கலம், 12ஆம் நூற்றாண்டு' என்று மட்டுமே எழுதியிருந்தது. பொறுப்பிலிருந்தவர் அன்பாகவே பேசினார். ஆனால் எந்த ஊரில் எந்த ஆண்டில் கிடைத்தது என்று அவரால் சொல்ல இயலவில்லை.

இதைச் சிறு குறையாக என்னால் கருத முடியவில்லை. தஞ்சைக் கலைக்கூடத்திலுள்ள ரிஷபவாகன தேவர் 1950களின் தொடக்கத்தில் திருவெண்காட்டில் கிடைத்தவர் என்பது தெரிந்திருப்பதால்தான், அக்கோயில் கல்வெட்டோடு இணைத்து, அவர் 1011இல் எழுந்தருளுவிக்கப்பட்டவர், தேவியார் அடுத்த ஆண்டில் வந்தவர் என்று நம்மால் சொல்ல முடிகிறது. ஊர் தெரியாமல் போயிருந்தால், அந்த அழகுத் திருமேனியும் 'சோழர் காலம்' என்ற இரண்டு சொற்களோடு நின்றிருக்கும்.

களவு போனதை மீட்பதற்கும் இதுவே ஆதாரம். 1976இல் பத்தூரில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டு, எவருக்கும் தெரிவிக்கப்படாமல் லண்டன் வரை விற்கப்பட்ட நடராசர், நீண்ட வழக்குக்குப் பிறகு 1991இல்தான் திரும்பினார். அதே இடத்தில் கிடைத்த பிற திருமேனிகளோடு ஒப்பிட்டும், ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் ஆராய்ந்துமே அவர் பத்தூர்க்காரர் என்பதை நிறுவ வேண்டியிருந்தது. 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஸ்ரீபுரந்தான் நடராசரை அடையாளம் காணப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்திருந்த பழைய நிழற்படம் கைகொடுத்தது. ஒரு படமும் ஒரு வரிக் குறிப்பும் கடல் கடந்த வழக்கில் எவ்வளவு பெரிய சாட்சி என்பதை நாம் கண்டுவிட்டோம்.

சர்வதேச அருங்காட்சியகங்கள் மன்றம் 2022இல் பிராக் நகரில் ஏற்ற வரையறை, அருங்காட்சியகத்தின் பணிகளில் ஆராய்தலை முதலிலும் காட்சிப்படுத்துதலைக் கடைசியிலும் வைக்கிறது. நம்மிடம் கண்ணாடிப் பேழையும் விளக்கொளியும் முந்திக்கொள்கின்றன. பராமரிப்பும் அப்படியே பின்தங்கலாகாது. கடலோர உப்பும் ஐப்பசி ஈரமும் சேர்ந்தால் செம்பில் பச்சைப் பொடி பூத்து உள்ளே அரித்துக்கொண்டே போகும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930லேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் ஏற்பட்டதால் இந்த அறிவு நமக்குப் புதிதன்று. அந்தக் கவனிப்பு கிடங்கில் இருக்கும் திருமேனிகளுக்கும் கிடைக்க வேண்டும்.

அரசை நான் வேண்டுவது இதுதான். டெல்டா மாவட்டங்களில் கிடைத்து அருங்காட்சியகங்களில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும், கண்டெடுத்த ஊர், ஆண்டு, உடன் கிடைத்தவை, இப்போதுள்ள இடம் ஆகியவற்றை நிழற்படத்தோடு தமிழில் பதிந்து, யாரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட வேண்டும். அந்தப் பக்கத்தின் ஒரு படி அந்தந்த ஊர்ப் பள்ளிக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் வர வேண்டும். பெருமாளைத் திரும்பக் கேட்கவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம் கேட்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
சீர்காழி வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.