2025ஆம் ஆண்டறிக்கை: ஓக்மான்ட் மைதானமும் நம் சங்கமும்

அன்பான உறுப்பினர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, கோடை விருந்து மூன்றும் நன்றாக நடந்தன. தமிழ் வகுப்பும் தடையில்லாமல் போகிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதனால் இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஜூன் மாதத்துக்கே எடுத்துக்கொள்கிறேன். ஜூன் 12 முதல் 15 வரை நம் பிட்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில் உள்ள ஓக்மான்ட் கன்ட்ரி கிளப்பில் நடந்த யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டியில் நம்மில் ஏழு பேர் தன்னார்வலர்களாக வேலை பார்த்தோம். சீருடைக்குக் காசு அவரவர் கையிலிருந்துதான்.

மேற்கிலிருந்து டர்ன்பைக் என்ற சுங்கச்சாலையில் பென் ஹில்ஸ் பெருமாள் கோவிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்த மைதானத்தை நடுவில் பிளந்துகொண்டுதான் வருகிறோம். பந்தை அடித்துப் போட வேண்டிய 18 குழிகளில் 2 முதல் 8 வரை உள்ளவை சாலைக்கு ஒரு பக்கம், மற்றவை எல்லாம் மறுபக்கம். எத்தனையோ வருடமாகப் போய் வருகிறோம், அது என்ன இடம் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. தனியார் கிளப், உறுப்பினர் அழைக்காமல் உள்ளே போக முடியாது என்பதால் கேட்கவும் தோன்றவில்லை. அந்தக் குறை இந்த ஆண்டு தீர்ந்தது, அதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிட்ஸ்பர்க் எஃகுத் தொழிலில் பணம் சேர்த்த ஹென்றி ஃபௌன்ஸ் 1903இல் தொடங்கிய கிளப் இது. அவர் வடிவமைத்த மைதானம் இது ஒன்றுதான். சரியாக அடிக்காத பந்துக்குத் தண்டனை கிடைத்தே ஆக வேண்டும் என்பது அவர் மகன் வில்லியமின் பிடிவாதம். அவரே 1910இல் அமெரிக்க அமெச்சூர் (தொழில்முறை அல்லாதோர்) பட்டம் வென்றவர், அதனால் சும்மா பேசிய பேச்சு இல்லை அது. 3ஆம் 4ஆம் குழிகளுக்கு நடுவே ஒரு பெரிய பங்கர் (பந்தைச் சிக்கவைக்கும் மணல் பள்ளம்) இருக்கிறது; உள்ளே புல் வரப்புகள் சர்ச் பெஞ்சுகளைப் போல வரிசையாக இருப்பதால் அதற்கு அந்தப் பெயரே வந்துவிட்டது.

1927இல் இங்கே முதல் யு.எஸ். ஓபன், இந்த ஆண்டோடு 10. இத்தனை முறை அது வேறு எந்த மைதானத்திலும் நடந்ததில்லை. 1935இல் வென்ற சாம் பார்க்ஸ் நம் பிட்ஸ்பர்க்காரர், நான்கு சுற்றையும் பந்தை 299 முறை அடித்து முடித்தார் (கோல்ஃபில் குறைவாக அடித்தவரே வெல்வார்). 300க்குள் முடித்தவர் அவர் ஒருவரே. அதே போட்டியில் ஜீன் சாரசன் என்ற வீரர் தட்டிய பந்து கிரீனை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை) விட்டே உருண்டு வெளியேறியதைப் பார்த்துத்தான் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் கிரீனின் வேகத்தை அளக்கும் கருவியைச் செய்தார். இன்று உலகம் முழுக்க அதுதான் அளவுகோல், பிறந்ததற்குக் காரணம் நம் பக்கத்து ஊர்! 1962இல் பக்கத்து லாட்ரோப்காரரான ஆர்னால்ட் பாமருக்காக ஊரே திரண்டிருக்க, 22 வயது ஜாக் நிக்லாஸ் பிளேஆஃபில் (சமநிலைக்குப் பின் நடக்கும் கூடுதல் ஆட்டத்தில்) அவரைத் தோற்கடித்தார். 1973இல் ஜானி மில்லர் கடைசி நாள் சுற்றை 63 அடிகளிலேயே முடித்து வென்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது மரங்களின் கதை. ஃபௌன்ஸ் அமைத்தது திறந்த வெளி. பிற்பாடு அழகுக்காக ஆயிரக்கணக்கில் மரம் நட்டார்கள், மைதானத்தின் குணமே மாறிப்போனது. 1990களில் அதை மீட்க முடிவு செய்தபோது உறுப்பினர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்து, விடிவதற்கு முன்பே விளக்கு வெளிச்சத்தில் மரத்தை வெட்டி, அடிக்கட்டையை எடுத்து, புல் பதித்து, தடயமில்லாமல் சுத்தம் செய்துவிடுவார்களாம். மரம் வெட்டுவது எனக்குப் பிடிக்காத விஷயம்தான், ஆனால் மேட்டில் நின்று மொத்த மைதானத்தையும் ஒரே பார்வையில் பார்த்த பிறகு அவர்கள் செய்தது சரி என்றே சொல்வேன்.

அப்புறம் நம் வேலை. ஓரப் புல் ஐந்து அங்குலம். பந்து அதில் விழுந்தால் பக்கத்தில் சின்னக் கொடி நட வேண்டும். என் காலிலிருந்து ஒரு எட்டு தூரத்தில் விழுந்த பந்தை நான் குனிந்து புல்லை விரலால் விலக்கிய பிறகுதான் பார்த்தேன். வந்த வீரர் முழு பலத்தோடு மட்டையை வீசினார், பந்து பத்தடி கூட நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழையில் ஆட்டம் ஒன்றரை மணி நேரம் நின்றது, தொப்பலாக நனைந்தோம், யாரும் வீட்டுக்குப் போகவில்லை. முதல் ஆறு குழிகளில் ஐந்தில் போகி (குறித்த எண்ணிக்கையைவிட ஓர் அடி கூடுதல்) போட்டிருந்த ஜே.ஜே. ஸ்பான் மழைக்குப் பிறகு வேறு ஆளாகத் திரும்பி வந்து, 18ஆவது கிரீனில் 64 அடி தூரத்திலிருந்து தட்டிய பந்து உள்ளே போனபோது எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பட்டம் அவருக்கே; பாருக்கு (மைதானத்துக்குக் குறித்த அடிகளின் எண்ணிக்கைக்கு) ஒன்று குறைவு. அந்த வாரம் பாருக்குக் கீழே முடித்தவர் அவர் ஒருவர்தான்.

காலை ஐந்து மணிக்கு வண்டி ஓட்டிய இரண்டு அண்ணன்மாருக்கும், இட்லிப் பொட்டலம் கட்டிக் கொடுத்த அக்காக்களுக்கும் சங்கத்தின் நன்றி. 2028இல் பெண்களுக்கான யு.எஸ். ஓபன் இங்கேயே வருகிறது. தன்னார்வலர் பதிவு தொடங்கியதும் தெரிவிக்கிறேன். இந்த முறை நம் பெண்பிள்ளைகள் அதிகம் வர வேண்டும் என்பது செயற்குழுவின் விருப்பம், இப்போதே பெயர் கொடுத்தால் கார் ஏற்பாட்டுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்