என் தளத்தில் விளம்பரமே கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ரம்மி விளம்பரமும் "உங்கள் போனில் வைரஸ்" என்ற மிரட்டலும் வந்து குதிக்கின்றன, எல்லாம் தளம் நடத்துகிறவர்களின் காசாசை என்று எழுதியிருந்தார். பாதி சரி. காசுக்காக வாசகனைப் படுத்தி எடுக்கும் தளங்கள் உண்டு, அவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. மீதிப் பாதி என் தலையில் விடிந்ததால் எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து புறப்படும் பஸ்களின் நேரத்தைத் தொகுத்துச் சின்னதாக ஓர் இணையதளமும் நடத்துகிறேன். வருடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் கைக்காசு போகிறது. ஒரு விளம்பரம்கூட வாங்கியதில்லை. வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன மார்கழியில் ஒரு பெரியவர் கடைக்குப் போன் செய்தார். "தம்பி, பஸ் நேரம் பாக்கப் போனா கண்ட கண்ட படமெல்லாம் வருது. பேத்தி பக்கத்துல உக்காந்திருக்கா. இதெல்லாம் ஒரு பொழப்பா?" என் தளத்தில் விளம்பரமே இல்லையே ஐயா என்றேன். "அப்ப நான் பொய் சொல்லுதேனா?" என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். திறந்து காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. தென்காசி அட்டவணைக்கு மேலே ரம்மிக்கு அழைக்கும் ஒரு பட்டை. கீழே வலது மூலையில் அரைகுறை உடையில் ஒரு பெண்ணின் படம், சரியாகக் கடைசி பஸ் நேரத்தை மறைத்துக்கொண்டு. மூடலாமென்று பெருக்கல் குறியை அழுத்தினால் இன்னொரு பக்கம் திறக்கிறது. அதே பக்கத்தை என் கடைக் கணினியில் திறந்தேன். வெறும் அட்டவணை.

குரோம் உலாவியோடு ஒட்டிக்கொண்டு ஓடும் சின்ன நிரல்களான எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர் மகன் டிஎன்பிஎஸ்சிக்கு விண்ணப்பிக்கும்போது, போட்டோவை 50 கேபிக்குள் சுருக்க அப்படியொரு எக்ஸ்டென்ஷனை இலவசமாக இறக்கியிருக்கிறார். போட்டோவும் சுருங்கியது, விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. அப்புறம் அதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? நிறுவும்போதே அது ஒரு அனுமதி கேட்டிருக்கும்: எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும். அந்த "மாற்றவும்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த எக்ஸ்டென்ஷனை நீக்கினேன், பக்கம் சுத்தமானது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆட்வேர் என்பது இதுதான்: கணினிக்குள் புகுந்துகொண்டு, நாம் பார்க்கும் பக்கங்களில் விளம்பரத்தைத் திணிக்கும் மென்பொருள். "விளம்பரம் செய்யாதீர்" என்று எழுதிய சுவரில் ராத்திரியில் போஸ்டர் ஒட்டுகிறவனாவது காலையில் வீட்டுக்காரன் கண்ணில் படும்படி ஒட்டிவிட்டுப் போகிறான். இங்கே என் சர்வரில் ஒரு வரிகூட மாறியிருக்காது. போஸ்டர் வாசகர் கண்ணுக்கு மட்டும் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் "அந்த சைட்ல வைரஸ் இருக்கு, போகாதீங்க" என்று செய்தி சுற்றியது. தன் பக்கத்தில் என் தளத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்த ஒரு பள்ளி அதை எடுத்துவிட்டது. பெரியவர் ஒருவருக்கு விளக்கிவிட்டேன், மற்றவர்களுக்கு யார் விளக்குவது?

இது புதிய தொல்லையும் இல்லை. 2002-லேயே அமெரிக்காவில் வாஷிங்டன் போஸ்ட், நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட பத்திரிகைகள் கேட்டர் என்ற நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டன. கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளும் இலவச மென்பொருளோடு வந்து, அந்தப் பத்திரிகைகளின் பக்கங்களுக்கு மேலேயே தன் விளம்பரங்களைக் காட்டியது அது. அந்த ஜூலையில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2003-இல் சமரசத்தில் முடிந்தது. 2015-இல் லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற ஆட்வேர் வாங்கும்போதே உள்ளே இருந்தது தெரியவந்தது. பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் அது நுழைந்தது. பெட்டியைப் பிரிக்கும் முன்பே உள்ளே ஆள் உட்கார்ந்திருந்தால் வாங்கியவர் என்னதான் செய்வார்?

ஒரு வேடிக்கை. 1990களில், தனி ஜன்னலாகக் குதித்து வரும் பாப்-அப் விளம்பரத்துக்கு நிரல் எழுதிய ஈத்தன் சக்கர்மேன், 2014-இல் அதற்காக மன்னிப்புக் கேட்டுக் கட்டுரை எழுதினார். ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் ஆபாசமான பக்கம் ஒன்றில் வந்துவிட, நிறுவனம் பதறியதாம். விளம்பரத்தைத் தனி ஜன்னலில் காட்டினால் பக்கத்தின் அழுக்கு அதன் மேல் ஒட்டாது என்று யோசித்ததில் பிறந்ததுதான் பாப்-அப். இப்போது விளம்பரத்தின் அழுக்கு என் பக்கத்தில் ஒட்டுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியில்லாமல் கணினிக்குள் கேடு விளைவிக்கும் நிரலைப் புகுத்தினால் இழப்பீடு கேட்க வழி செய்கிறது. ஆனால் "அனுமதி" பொத்தானை அந்தப் பையன்தானே அழுத்தினார் என்பார்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் பணம் பறிபோனவர்களுக்கு. எனக்குப் போனது பேர்.

விளம்பரமே கூடாது என்று சொல்ல வரவில்லை. உங்கள் இதழும் விளம்பரத்தில்தான் நடக்கிறது. உங்கள் தளத்தில் நீங்கள் வைத்த விளம்பரத்தை மறைத்துத் தன் விளம்பரத்தைக் காட்டும் ஆட்வேரும் உண்டு. அப்போது வாசகரின் வசவு உங்களுக்கு, காசு ஆட்வேர்க்காரனுக்கு.

அதனால் ஒரு வேண்டுகோள். எக்ஸ்டென்ஷன் பட்டியலை எப்படித் திறப்பது, தெரியாத பெயரை எப்படி நீக்குவது என்று கணினிப் பக்கத்தில் படத்தோடு ஒருமுறை போடுங்கள். இன்னொன்று, கோபிக்க வேண்டாம். உங்கள் இணையதளத்தைத் திறந்தால் முதல் வரியைப் படிக்கும் முன்பே "அறிவிப்புகளை அனுமதிக்கவும்" என்று ஒரு பெட்டி வருகிறது. அங்கே யோசிக்காமல் அனுமதித்துப் பழகிய விரல் அடுத்த இடத்திலும் அப்படித்தான் அழுத்தும். அந்தப் பெட்டியை எடுத்துவிட முடியுமா?

இப்படிக்கு,
பஸ் நேரத் தளம் நடத்தும் ஒரு வாசகர்,
சங்கரன்கோவில்.