எங்கள் தெருவின் பூக்கார அப்பத்தா

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தை பிறந்தால் உங்கள் பத்திரிகையில் தவறாமல் ஒரு செய்தி வரும், மதுரை மல்லி கிலோ இத்தனை ஆயிரத்தைத் தொட்டது என்று. பனியில் மொட்டு கருகி வரத்து குறைவதும், முகூர்த்த நாளில் விலை ஏறுவதும் எங்களுக்குப் பழகிப்போன சங்கதிதான். இந்த வருஷம் அதைப் படித்தபோது மட்டும் கண் கலங்கிவிட்டது. அந்த விலையை எங்கள் வாசலுக்கு வந்து சொல்லும் மனுஷி மார்கழிக் கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைப் பற்றி நாலு வரி உங்கள் பத்திரிகையில் வரவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் நாங்கள் குடிவந்து 32 வருஷம் ஆகிறது. வந்த அன்றைக்கே அவர் பிள்ளையார் கோயில் முக்கில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எங்களுக்குப் பூக்காரம்மா, பிள்ளைகளுக்குப் பூக்கார அப்பத்தா. போகப்போக நாங்களும் அப்பத்தா என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

விடிவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருப்பார். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மூட்டை வந்து இறங்கியதும் கையை அடிவரை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பாராம். மேலே புதுசு, அடியில் பழசு என்றால் தொடமாட்டார். மொட்டாக வந்த பூதான் சாயங்காலம் தலையில் இருந்து மலரும். 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நான் படித்துக் காட்டியபோது, "இன்னொரு தரம் படி தாயி" என்று கேட்டார். அன்று பூ வாங்க வந்த ஒருவரையும் விடவில்லை, எல்லாரிடமும் அதைச் சொன்னார்.

அவர் கட்டுவதை எத்தனையோ நாள் நின்று பார்த்திருக்கிறேன். தண்ணீரில் ஊறிய வாழை நார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து ஒரு சுற்று, விரலில் ஒரு வளையம், ஓர் இழுப்பு. கண் ரோட்டில் இருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். இறுக்கினால் காம்பு அறும், தளர்த்தினால் தலையில் வைத்ததும் உதிரும். என் மகளுக்குக் கட்டச் சொல்லிக்கொடுத்தபோது, "பச்சப்புள்ள கையப் பிடிக்கிற மாதிரி பிடி" என்றார். நார்க்கறை ஏறி அவருடைய விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும்.

அப்புறம் அந்த முழம். ஆள் நல்ல உயரம், கையும் நீளம். முழங்கை முட்டியில் வைத்து நடுவிரல் நுனிவரை நிறுத்தி அளப்பார். மல்லி விலை ஏறினால் சில இடங்களில் முழம் குறுகும். அவரிடம் ஒரு விரற்கடை குறைந்து நான் பார்த்ததில்லை. தெப்பத் திருவிழா தைப்பூசத்தில் வருகிறது, மல்லிக்கு உச்ச விலை இருக்கும் நேரம். அன்றைக்குக் கூட்டம் அலைமோதும்போதும், கையில் காசு குறைவாக இருப்பவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். "வெல கூட தாயி, முழம் வாங்காத. சாமிக்கு ஒரு கண்ணி வச்சாப் போதும்" என்பார். விற்க உட்கார்ந்தவர் வாங்காதே என்று சொல்லி நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அப்பா இறந்தபிறகு அம்மா எங்களோடு வந்து இருந்தார். பிள்ளையார் கோயில் முக்கு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். கடைக்குப் போவதென்றாலும் பின் தெரு வழியாகச் சுற்றித்தான் போவார். பூவைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒரு நாள் அப்பத்தாவே வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, மடியிலிருந்து வாழை இலைப் பொட்டலத்தை எடுத்து அம்மா கையில் வைத்தார். "தலைக்கு வேணாம்னா அண்ணன் படத்துக்குப் போடுங்க மதினி. அதுக்காக என் மொகத்தப் பாக்காமப் போகாதீக. நானும் இருபத்தாறு வயசுலருந்து இப்படித்தான இருக்கேன்." அம்மா அன்றைக்கு அழுத அழுகையை அப்பா இறந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து சாயங்காலமானால் அம்மாவின் இடம் அந்தச் சாக்குதான். கூடையிலிருந்து மொட்டை இரண்டிரண்டாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். கடைசி ஏழு வருஷமும் அப்படித்தான் போனது.

2020 ஊரடங்கில் மார்க்கெட் மூடிவிட்டார்கள், கோயிலும் மூடியிருந்தது. மே 4-ம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம், பக்தர்கள் யாரும் இல்லாமல். நாங்களெல்லாம் வீட்டிலிருந்தே பார்த்துத் தாலிக்கயிறு மாற்றினோம். அன்று காலை முகத்தைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு அப்பத்தா வாசலில் நிற்கிறார். தெருவில் செடி இருக்கிற வீடுகளிலெல்லாம் கேட்டுப் பறித்த அரளி, நந்தியாவட்டை, எங்கிருந்தோ கொஞ்சம் மல்லி. வீட்டுக்கு ஒரு கண்ணி கட்டி வைத்துவிட்டுப் போனார். வருமானமே இல்லாத அந்த நாளில் யாரிடமும் காசு வாங்கவில்லை.

இப்போது அவருடைய மகள் அதே முக்கில் உட்கார நினைக்கிறார். அம்மாவை நம்பியே இருந்த பெண். தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ம் வருஷத்துச் சட்டத்தில், விற்பனைச் சான்று பெற்றவர் இறந்தால் அதன் காலம் முடியும்வரை கணவனோ மனைவியோ, அவரை நம்பியிருந்த பிள்ளையோ அந்த வியாபாரத்தைத் தொடர வழி இருக்கிறது. ஆனால் அப்பத்தாவிடம் சான்றே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர், எங்கே போய்க் கேட்பது என்றும் தெரியாதவர். 32 வருஷம் பூ வாங்கிய எனக்கு அதைச் செய்துகொடுக்கத் தோன்றவில்லையே என்பது இப்போது உறுத்துகிறது. உங்கள் வாசகர்கள் தங்கள் தெருவில் பூக்கட்டுகிறவரிடம் இன்றைக்கே கேட்டுப்பார்க்க வேண்டும். சான்று இல்லையென்றால் அவரோடு போய் மனு எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அப்பத்தாவிடம் வாடிக்கைப் பூக் கணக்குக்கு நோட்டு கிடையாது. வீட்டுக்கு ஒரு நார், நாளுக்கு ஒரு முடிச்சு. மாசம் முடிந்து காசு கொடுத்ததும் அந்த நாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசாக ஒன்று ஆரம்பிப்பார். காரியம் முடிந்து போனபோது, அவர் வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் அத்தனை நாரும் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. எது யாருடையது என்று மகளுக்குத் தெரியவில்லை. எங்களுடையதில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும், அதனால் நான் கண்டுபிடித்துவிட்டேன். பதினொரு முடிச்சு. காசைக் கொடுத்துவிட்டு வந்து தெருவில் சொன்னேன். ஒவ்வொருவராகப் போய் அடையாளம் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். மூன்று நார் மட்டும் யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. யாராவது வருவார்கள் என்று மகள் அவற்றை அந்த ஆணியிலேயே விட்டுவைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தெப்பக்குளம் வாசகி,
மதுரை.