முதலில் பழைய தாரைச் சுரண்டுங்கள்

கடலூர் நகரச் சாலைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு, திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெரு வியாபாரிகளின் வணக்கம்.

கடைத்தெருவுக்குப் புதுப்பொலிவு, புதிய நிறுவனங்களுக்கு அழைப்பு என்று நீங்கள் பேசிவரும் திட்டத்தில் அலங்கார விளக்கு இருக்கிறது, நுழைவு வளைவு இருக்கிறது. சாலை மட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. மழைக்கு முன், இருக்கிற சாலையின் மேலேயே இன்னொரு தார்ப்பூச்சு வரப்போகிறது என்றும் கேள்விப்படுகிறோம். அதற்காகத்தான் இந்த மடல்.

பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போடவேண்டும், மட்டம் உயரக்கூடாது என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் உத்தரவிட்டது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பூச்சு 40 மில்லிமீட்டர் என்றால் நான்கு பூச்சுக்கு 16 சென்டிமீட்டர், அரை அடிக்கும் மேல். கடை வாசலில் ஒரு படி காணாமல் போகும் உயரம் அது.

படி போனால் பரவாயில்லை. வடிகால் சுவரில் பழைய சாலை மட்டத்துக்கு விட்டிருந்த துளைகள் புதுத் தாருக்குள் புதைந்துவிடுகின்றன. நடுச்சாலையிலிருந்து ஓரத்துக்கு வாட்டம் சரியாகவே இருக்கும். ஓடிவந்த தண்ணீருக்குத்தான் உள்ளே இறங்க வழி இருக்காது. வடிகால் பாதி காலியாகக் கிடக்க, அதன் மூடிமேல் ஏறி மழைநீர் கடைக்குள் வரும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிற ஊர் இது. தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதும் அப்போதுதான்.

தண்ணீருக்குப் பயந்து கடைத் தரையை அரை அடி உயர்த்தினால் ஷட்டரை வெட்டவேண்டும், வாசலில் சறுக்கு கட்டவேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று கட்டட உரிமையாளருக்கும் வாடகைக்காரருக்கும் தகராறு. ஆளாளுக்கு ஓர் உயரத்தில் கட்டிய சறுக்குகள் வடிகால் மூடியை அடைத்துவிடுவதால் தூர்வார முடிவதில்லை. நடப்பவர்கள் சாலைக்கு இறங்கிப் பேருந்துக்கு ஒதுங்குகிறார்கள். காலிக் கடை பார்க்க வருகிறவர் முதலில் பார்ப்பது சுவரின் அடியில் தெரியும் தண்ணீர்த் தடத்தை. பார்த்துவிட்டுப் புதுச்சேரியில் இடம் தேடப் போய்விடுகிறார். அவரை நுழைவு வளைவு கட்டித் தடுத்துவிட முடியுமா?

2022இல் வணிகக் கட்டடங்களுக்குச் சொத்து வரி 100 சதவீதம் உயர்ந்தது. கட்டுகிறோம். புகார் கொடுக்கப் போனால், இது எங்கள் சாலை இல்லை, அந்த அலுவலகத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே போனால் இங்கே அனுப்புகிறார்கள். எது யாருடைய சாலை என்று பார்த்துத் தேங்கும் பழக்கம் தண்ணீருக்கு இன்னும் வரவில்லை. போகட்டும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறோம்.

சுரண்டிவிட்டுப் போடுங்கள். எஸ்டிமேட்டில் அதற்குத் தனி அயிட்டம் இல்லாவிட்டால் எந்த ஒப்பந்ததாரரும் சுரண்டமாட்டார். ஆகவே அது டெண்டருக்கு முன்பே ஏறவேண்டும். முதலில் வடிகாலைத் தூர்வாரி அடிமட்ட வாட்டத்தைப் பாருங்கள். புதைந்த துளைகளைத் திறந்து கம்பி வலை பொருத்துங்கள். அதற்கு இடைஞ்சலான சறுக்கு எது என்று குறித்துக் கொடுத்தால் நாங்களே இடித்துக்கொள்கிறோம். சுரண்டிய பின் புழுதியை ஊதித் தள்ளி, புதுத் தார் ஒட்டிப் பிடிக்க எமல்ஷன் என்ற தார்க் கரைசலைத் தெளித்து, எடுத்த கனத்துக்கு மேல் போகாமல் தார் போடுங்கள். மேன்ஹோல் மூடிகளையும் அதே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வேலைக்கு முன்னும் பின்னும் ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைத்து மட்டம் எடுத்து, அந்த அளவுகளை எங்களுக்கும் காட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம். பின்னால் எடுத்த அளவு கூடுதலாக இருந்தால் வேலையின் அளவுகளைப் பதியும் எம்-புக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். ஈரத்தில் தார் பிடிக்காது. செப்டம்பருக்குள் முடித்துத் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடைத்தெரு வியாபாரிகள்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்