நாடக வாசிப்பு வட்டம்: 2024-25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொதுக்குழுவில் அறிக்கையை முழுசாக வாசித்தால் பாதிப் பேர் டீ குடிக்க எழுந்து போய்விடுவார்கள் என்று தலைவர் சொன்னதால் எழுத்தாகவே தந்துவிடுகிறேன். டீயோடு சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

போன ஆண்டு ஷேக்ஸ்பியரின் சரித்திர நாடகங்களாகவே எடுத்து ஓட்டினோம். பெண் உறுப்பினர்களுக்குத் தூதன், காவலாளி, இரண்டாம் பிரபு என்றுதான் பங்கு கிடைத்தது. "நாங்க என்ன ஈட்டி பிடிக்கவா வந்தோம்?" என்று ஓர் அக்கா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்த ஆண்டு பழைய ஆங்கில நாடகங்களில் பெண் பாத்திரம் கனமாக உள்ளவற்றை மட்டும் வாசிப்பது என்று முடிவானது. மாதம் ஒரு ஞாயிறு வீதம் 11 கூட்டங்கள், டிசம்பர் மட்டும் மழையில் போயிற்று. உறுப்பினர்கள் 23 பேர், வழக்கமாக வருபவர்கள் பதினான்கு, பதினைந்து பேர். எடுத்தவை எல்லாம் பதிப்புரிமை முடிந்த நாடகங்கள் என்பதால் நகல் எடுப்பதில் சிக்கல் இல்லை. வாசிப்பு ஆங்கிலத்தில், சண்டை தமிழில்.

முதல் கூட்டத்திலேயே ஒரு வேடிக்கை. ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' எடுத்தோம், அன்று பார்த்து மூன்றே பெண்கள் வந்திருந்தார்கள், மூவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. வங்கியில் ஓய்வு பெற்ற நம் சார்தான் கதாநாயகி ரோசலிண்டாக வாசித்தார். முதல் பத்து நிமிடம் கூச்சம், அப்புறம் விட்டு விளாசிவிட்டார். உண்மையில் அதுதான் மூலமுறை. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் பொதுமேடையில் பெண்கள் நடிக்கவில்லை, பையன்கள்தான் நடித்தார்கள். நம் ஊர் பாய்ஸ் கம்பெனி ஸ்திரீபார்ட்டைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புதிதில்லை. ரோசலிண்டில் இது இன்னும் பின்னிக்கொள்கிறது. ஒரு பையன் பெண்ணாக நடிக்கிறான், அந்தப் பெண் ஆண் வேடம் போடுகிறாள், அந்த ஆண் வேடத்தில் இருந்துகொண்டே காதலனுக்குப் பயிற்சி கொடுக்க ரோசலிண்டாக நடிக்கிறாள். கடைசியில் பின்னுரை பேச வந்து, நான் மட்டும் பெண்ணாக இருந்திருந்தால் என்று ஆரம்பித்து மொத்த முடிச்சையும் அவிழ்த்துவிடுகிறாள். அல்லது அவிழ்த்துவிடுகிறான். 1642இல் மூடப்பட்ட லண்டன் அரங்குகள் 1660இல் திறந்த பிறகுதான், அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று, ஒரு நடிகை 'ஒதெல்லோ'வின் நாயகி டெஸ்டிமோனாவாக மேடை ஏறினார். அவர் பெயர் என்ன என்பதில் இன்றுவரை ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. அப்படிப்பட்ட ஒரு நாளில் நடிகையின் பெயரைக் குறித்துவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

இனி என் மீதான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். செப்டம்பரில் ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர் வெப்ஸ்டரின் 'தி டச்சஸ் ஆஃப் மால்ஃபி' எடுத்தோம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கச் சுருக்கிய பிரதியைத் தயாரித்தது நான்தான். கதை தெரிந்ததுதான்: விதவையான கோமகள், மறுமணம் கூடாது என்று மிரட்டும் இரண்டு அண்ணன் தம்பிகள், அவளோ தன் வீட்டுக் காரியஸ்தன் அன்டோனியோவை ரகசியமாகக் கட்டிக்கொள்கிறாள், நாலாவது அங்கத்தில் கழுத்தை நெரித்துக் கொல்கிறார்கள். சாவதற்குக் கொஞ்சம் முன்னால் தோழி கரியோலாவிடம், பையனுக்குச் சளி இருக்கிறது, மறக்காமல் சிரப் கொடு, பெண்ணைத் தூங்கும் முன் ஜெபம் சொல்ல வை என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இந்த இரண்டு வரியை நான் வெட்டிவிட்டேன்.

வெட்டியதற்குக் காரணம் வைத்திருந்தேன். முந்தைய காட்சியில்தான் கணவனும் பிள்ளைகளும் பிணமாகக் கிடப்பது போல மெழுகு உருவங்களை அவளுக்குக் காட்டுகிறார்கள், அவளும் நிஜம் என்றே நம்புகிறாள். செத்துப்போனதாக நம்பும் பிள்ளைக்கு எப்படி மருந்து கொடுக்கச் சொல்வாள்? வெப்ஸ்டர் சறுக்கிவிட்டார், நாம் சரி செய்யலாம் என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது. முழுப் பிரதியைக் கையோடு கொண்டுவந்திருந்த செவிலியர் அக்கா (மேலே ஈட்டி பற்றிக் கேட்டவரும் இவர்தான்) வாசிப்பை நடுவில் நிறுத்தி, அந்த வரி எங்கே என்று கேட்டார். நான் விளக்கம் சொன்னேன். "உங்க வீட்ல பிள்ளைக்கு யாருங்க மருந்து கொடுக்கிறது?" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றை இங்கே பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் நான் படித்த முன்னுரை எதிலும் அதைப் பார்த்ததில்லை. முதல் அங்கத்தில் கோமகள் அன்டோனியோவிடம் மனசைச் சொல்வது எப்படி? உன் ஒரு கண் சிவந்திருக்கிறது, என் மோதிரத்தை வைத்துப் பார், கேட்கும் என்று கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறாள். கல்யாணப் பேச்சு கண் நோவுக்கான கைவைத்தியத்தில் ஆரம்பிக்கிறது, வாழ்க்கை சளி மருந்தில் முடிகிறது. மால்ஃபியின் கோமகள் நான்தான் இன்னும் என்று அவள் நிமிர்ந்து நிற்கும் வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், அதில் தப்பில்லை, ஆனால் அந்தப் பட்டத்துக்குள் இருக்கும் மனுஷியை இந்த இரண்டு வைத்தியத்தில்தான் பார்க்க முடிகிறது என்றார் அக்கா. மறுப்பவர் யாரும் அன்று இல்லை. அவள் செத்த பிறகும் ஓர் அங்கம் முழுக்க நாடகம் நடக்கிறது, ஆண்கள் ஒருவரை ஒருவர் குத்திக்கொள்கிறார்கள், அதில் நம்மில் மூன்று பேர் கொட்டாவி விட்டதும் பதிவாகட்டும்.

'மெக்பெத்' அக்டோபரில். கணவனைக் கொலைக்குத் தூண்டும் லேடி மெக்பெத்தாக வாசித்த உறுப்பினர், அவள் தூக்கத்தில் நடந்து கையில் இல்லாத ரத்தக் கறையைக் கழுவும் காட்சி வந்ததும் தாளை பெஞ்சில் வைத்துவிட்டார். கையில் தாளோடு கையைத் தேய்த்துக் கழுவ முடியவில்லை என்றார், மனப்பாடமாகவே சொன்னார். 1785இல் நடிகை சாரா சிடன்ஸ் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். அதுவரை அந்தக் காட்சியில் மெழுகுவர்த்தியைக் கையை விட்டு இறக்காமல் நடிப்பதுதான் வழக்கம், அவர் அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கழுவினார், வேண்டாம் என்று அரங்க நிர்வாகி ஷெரிடன் (நாடகாசிரியரும் இவரேதான்) சொல்லியும் கேட்கவில்லை. 1812இல் அவர் விடைபெற்ற இரவில் இந்தக் காட்சியோடு நாடகத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் ரசிகர்கள். கதாநாயகன் சாகவே இல்லை. அதே காட்சியில் வரும் பணிப்பெண்ணை மறக்கக் கூடாது. ராணி தூக்கத்தில் என்ன சொன்னாள் என்று மருத்துவர் கேட்கிறார், சாட்சி இல்லாமல் சொல்ல மாட்டேன் என்கிறாள். நாடகத்திலேயே விவரமான ஆள் அவள்தான் என்பது என் கட்சி.

ஜனவரியில் காங்கிரீவின் 'தி வே ஆஃப் தி வேர்ல்ட்', 1700ஆம் ஆண்டு நாடகம். கதை யாருக்கும் புரியவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். யார் யாருக்கு மாமா, யார் சொத்து யாரிடம் என்று கரும்பலகையில் படம் போட்டும் பயனில்லை. ஆனால் நாலாவது அங்கத்தில் கதாநாயகி மில்லமன்ட் கல்யாணத்துக்கு நிபந்தனை போடும் இடத்தில் அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. காலையில் இஷ்டப்பட்ட நேரம் வரை தூங்குவேன், எனக்கு வரும் கடிதத்தைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது, என் அறைக்குள் வருமுன் கதவைத் தட்ட வேண்டும், நாலு பேர் முன்னால் கண்ணே மணியே என்று கொஞ்சக் கூடாது. இதெல்லாம் சம்மதம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மனைவியாகிவிடலாம் என்கிறாள். 'தேய்ந்து' என்ற சொல்லுக்கு மட்டும் கால் மணி நேரம் விவாதம் நடந்தது. காதலன் மிராபெலும் பதிலுக்கு நிபந்தனை போடுகிறான், டீ மேசையில் டீயும் காபியும்தான் இருக்க வேண்டும், மது வரக் கூடாது என்கிறான். புதிதாகத் திருமணமான உறுப்பினர் ஒருவர் அந்தப் பக்கத்தைக் கூடுதல் நகல் கேட்டு வாங்கிப் போனார்.

ஷெரிடனின் 'தி ரைவல்ஸ்' நாடகத்தில் ஆங்கிலச் சொற்களை மாற்றிப் போட்டுப் பேசும் மிசஸ் மாலப்ராப்பின் சிரிப்பு தமிழில் கடக்கவே இல்லை. நைல் கரை முதலையை 'அலிகேட்டர்' என்பதற்குப் பதில் 'அலிகரி' (உருவகக் கதை) என்பதை விளக்கி முடிப்பதற்குள் சிரிப்பு ஆறிப்போனது. மார்ச்சில் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்'. 1914 லண்டன் மேடையில் பூ விற்கும் பெண் எலைசாவாக நடித்த மிசஸ் பேட்ரிக் கேம்பலுக்கு அப்போது வயது 49 என்று சொன்னதும் நம் சார் ரோசலிண்டுக்குத் தெம்பு வந்துவிட்டது. கடைசியில் எலைசா தனக்குச் சீமாட்டி போலப் பேசக் கற்றுக்கொடுத்த பேராசிரியர் ஹிக்கின்ஸை விட்டுப் போகிறாளா, திரும்பி வருவாளா? ஹிக்கின்ஸாக நடித்த ட்ரீ அவளுக்குப் பூங்கொத்து வீசி அதைக் காதல் கதையாக்கியதில் ஷாவுக்குக் கடும் கோபம், அவளைக் காதலிக்கும் இளைஞன் ஃப்ரெடியைக் கட்டிக்கொண்டாள் என்று பிறகு பின்னுரையே எழுதினார். கை தூக்கச் சொன்னதில், யாரையும் கட்டாமல் பூக்கடை வைத்தால் போதும் என்றவர்கள் 9, ஃப்ரெடிக்கு 4, ஹிக்கின்ஸுக்கு 2. அந்த இருவர் யார் என்பதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

கணக்கு. போன ஆண்டு இருப்பு 1,150 ரூபாய், சந்தா ஆளுக்கு 300 வீதம் 6,900. செலவில் அறை வாடகை 2,200, நகல் 3,180, டீ 1,940, ஆக 7,320. கையிருப்பு 730. வரவுக்கு மேல் செலவு 420 ரூபாய், சந்தாவை உயர்த்தலாமா என்று பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

மே மாதம் அஃப்ரா பென்னின் 'தி ரோவர்', 1677. பெண் எழுதிய நாடகத்துக்கு வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது, அதற்கும் செயலாளர்தான் பொறுப்பு. இந்த முறை சுருக்கும் வேலை என்னிடம் இல்லை, செவிலியர் அக்கா பார்த்துக்கொள்கிறார். செப்டம்பர் பிரதி வைத்திருப்பவர்கள் விடுபட்ட சிரப் பக்கத்தை அலமாரியின் மேல் தட்டிலிருந்து எடுத்துச் செருகிக்கொள்ளவும். சாவி பொருளாளரிடம்.

இப்படிக்கு,
செயலாளர்