ஸ்கார்பரோவிலிருந்து ஒத்தக்கடைக்கு

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

இங்கு நலம். "லீவு நாளில்கூட வீட்டில் இருக்காம எங்கடா சுத்துற?" என்று போனில் அம்மா கேட்கும்போதே லைன் கட்டாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இயற்கை ஆர்வலர் சங்கம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். பறவை, பூச்சி, பாசி, காளான் என்று எதையாவது பார்க்கக் கூட்டமாக நடப்பது, மாதம் ஒருமுறை நூலக அறையில் உட்கார்ந்து யாராவது பேசுவதைக் கேட்பது, அவ்வளவுதான். இங்கே கனடாவில், டொரண்டோ நகரில் பெரிய சங்கம் ஒன்று 1923-லிருந்து நடக்கிறது, எங்களுடையது சின்னக் கூட்டம். எல்லாரும் பேராசிரியர்களாக இருப்பார்களோ என்று தயங்கித்தான் போனேன். போனால் பஸ் ஓட்டுகிறவர், நர்ஸ், ஓய்வுபெற்ற தபால்காரர், பிளாஸ்கில் தேத்தண்ணியும் பை நிறைய ரோல்ஸுமாக வருகிற யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். மழை பெய்தாலும் நடை உண்டு. நேரத்துக்கு வந்துவிட வேண்டும், யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள் (அப்பாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும்).

போன ஞாயிற்றுக்கிழமை போனது லெஸ்லி தெரு முனை. ஒன்டாரியோ ஏரிக்குள் 5 கிலோமீட்டர் நீளத்துக்குக் கை நீட்டியிருக்கிற நிலம், அத்தனையும் இடித்த கட்டடங்களின் செங்கலும் கான்கிரீட்டும் தோண்டிய மண்ணும். 1950-களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்பாகக் கொட்ட ஆரம்பித்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குக் கப்பல் வரவில்லை, ஆனால் யாரும் நடாமலே மரமும் செடியும் வந்துவிட்டன, அவற்றைத் தேடி நீர்க்காகங்கள் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்ட, அதன் எச்சம் விழுந்தே பாதி மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. நம் வண்டியூர் கண்மாயில் சாயங்காலம் குவாக் என்று கத்திக்கொண்டு கிளம்புமே வக்கா, அதே பறவைதான், அதுவும் இங்கே கூடு வைக்கிறது. பகலில் இடிபாடு கொட்டுகிற லாரி ஓடுவதால் வார நாளில் சாயங்காலம்தான் உள்ளே விடுவார்கள், சனி ஞாயிறு தாராளமாகப் போகலாம்.

செப்டம்பரில் அங்கே மொனார்க் பட்டாம்பூச்சிகள் வந்து தங்குகின்றன. ஆரஞ்சு நிறம், கறுப்பு நரம்பு, ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள். கூட்டிப்போனவர் ஒன்றை வலையில் பிடித்து, இறக்கைகளை மூடியபடி இரண்டு விரலால் பிடித்து, பின்னிறக்கையில் ஸ்டிக்கர் பொட்டு மாதிரி ஒரு சின்ன வில்லையை ஒட்டி மெதுவாக அழுத்தினார். அதில் எழுத்தும் எண்ணும் இருக்கின்றன. விட்டதும் கொஞ்ச நேரம் அவர் சட்டைக் கையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் தெற்கே போனது. அது போய்ச் சேரவேண்டிய இடம் மெக்சிகோ மலைகள்! கோடையில் பிறக்கிறவை சில வாரங்களில் செத்துவிடும், ஆனால் இந்தக் கடைசித் தலைமுறை மட்டும் எட்டு மாதம்வரை தாங்கும்.

அது எங்கே போகிறது என்று கண்டுபிடித்த கதையைத்தான் இந்த மாதப் பேச்சில் சொன்னார்கள். ஃபிரெட் அர்க்கார்ட் என்று ஒரு விலங்கியலாளர், எங்கள் ஸ்கார்பரோ கல்லூரியில் பாடம் நடத்தியவர், மனைவி நோராவோடு சேர்ந்து பல வருடம் இதே வேலையாக இருந்திருக்கிறார். முதலில் ஒட்டிய சீட்டுகள் மழையில் கழன்றுபோயின, அப்புறம் கடைகளில் விலை ஒட்டுகிற பசைச்சீட்டு கைகொடுத்தது. உதவிக்கு ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். 1975 ஜனவரியில் அவருக்காகத் தேடியவர்கள் மெக்சிகோவில் அந்த மலையைக் கண்டார்கள். மறு வருடம் அவரே போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, பூச்சிகளின் பாரம் தாங்காமல் ஒரு கிளை முறிந்து விழுந்து, அந்தக் குவியலில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சீட்டு ஒட்டிய பூச்சி ஒன்று கிடந்ததாம். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

எனக்கு உறைத்தது வேறு. இவர்கள் எதைப் பார்த்தாலும் தேதி, இடம், எண்ணிக்கை எழுதிவைக்கிறார்கள், அது காக்காயாக இருந்தாலும். நாம் யானைமலை அடிவாரத்தில் இத்தனை வருடம் இருந்தும் ஒரு வரி எழுதியதில்லையே. அரிட்டாபட்டியை 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, அங்கே எந்தப் பறவை எத்தனை என்று பார்த்துக் குறித்துவைத்தவர்கள் இருந்ததால்தானே அது நடந்தது. 2025 ஜனவரியில் அங்கே டங்ஸ்டன் சுரங்க ஏலம் ரத்தானதற்கு ஜனங்கள் தெருவில் இறங்கியதுதான் காரணம், சரி, ஆனால் அந்தக் குறிப்புகளும் வாதாட உதவின என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் கூட்டத்தில் அரிட்டாபட்டி பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். குடைவரைக் கோயில், சமணர் படுக்கை, பாறையில் கூடு வைக்கிற வல்லூறு எல்லாம் சொல்லப்போகிறேன். அப்பா, மேலூர் பஸ் பிடித்து ஒரு நாள் விடிகாலையில் போய், கண்மாயில் தண்ணி எவ்வளவு கிடக்கிறது, என்னென்ன பறவை நிற்கிறது என்று எழுதி அனுப்புங்கள். பெயர் தெரியாததற்கு நிறமும் அளவும் போதும். தங்கச்சியையும் கூட்டிப்போனால் படம் எடுப்பாள்.

அம்மாவுக்கும் வேலை இருக்கிறது. கொல்லையில் எருக்கு இன்னும் நிற்கிறதா? வெட்டச் சொல்லாதீர்கள். மொனார்க்கின் உறவுக்காரப் பட்டாம்பூச்சி வெந்தய வரியன் அதில்தான் முட்டை வைக்கும். புழு கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்டு, மஞ்சள் புள்ளியோடு இருக்கும். முதுகில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது மொனார்க் புழுவுக்கு இரண்டு ஜோடி, இதற்கு மூன்று. எண்ணிப் பார்த்து, தேதி போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்